பழைய கல் ஜாடியை அடையாளம் காண்பது எப்படி?

ஒரு சாண் உயரம், வெளிர் மஞ்சளும் தேன் நிறமுமாகப் பட்டை ஓடும் கல், குறுகிய வாய், இரண்டு பக்கமும் துளை போட்ட சின்னக் காதுகள். விற்றவர் “எகிப்து, மூவாயிரம் வருஷப் பழசு” என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். அது நிஜமா, எப்படித் தெரிந்துகொள்வது, இந்த மாதிரி கல் ஜாடிகளைச் சேர்க்க ஆரம்பித்தால் எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் கசப்பான விஷயம். கல் ஜாடியின் வயதை நேரடியாகச் சொல்லும் ஆய்வகச் சோதனை எதுவும் கிடையாது. மண்பாண்டத்துக்குத் தெர்மோலூமினசென்ஸ் இருக்கிறது. சூளையில் சுட்ட நாளிலிருந்து கணக்கு வரும். மரத்துக்கும் எலும்புக்கும் துணிக்கும் கார்பன் சோதனை இருக்கிறது. சுடாத கல்லுக்கு இரண்டும் கைகொடுக்காது. சிலர் ஒரு ஆய்வக அறிக்கையைக் காட்டி “கல் மிகவும் பழமையானது என்று போட்டிருக்கிறார்கள், பாருங்கள்” என்பார்கள். வாஸ்தவம்தான், ரோட்டில் கொட்டிக் கிடக்கும் ஜல்லியும் அதே அளவு பழசு. நமக்கு வேண்டியது அந்தக் கல்லை ஒருவர் எப்போது குடைந்தார் என்பது. அதைச் சொல்லக்கூடியவை கருவி விட்டுப் போன தடம், தேய்மானம், வடிவம், கூட வரும் காகிதம். இந்த நாலில் விற்கிறவர்கள் மிகக் குறைவாகக் கவனிக்கும் இடம் ஜாடியின் உள்பக்கம். அதனாலேயே நான் அங்கேதான் அதிக நேரம் செலவிடுவேன்.

ஆனால் அதற்கும் முன்னால் கல் எது என்று தெரிய வேண்டும். கல்லின் பெயர் தப்பாக இருந்தால் மற்ற எல்லாக் கணக்கும் தப்பும்.

நீங்கள் சொல்லும் பட்டை ஓடிய கல்லை எல்லோரும் அலபாஸ்டர் என்பார்கள். அந்தப் பெயரில் இரண்டு வேறு வேறு கற்கள் விற்கின்றன. பழைய எகிப்தியர் குடைந்தது கால்சைட் என்ற சுண்ணக் கனிமம். ஹட்நூப் போன்ற பாலைவனச் சுரங்கங்களில் வெட்டியது. இத்தாலியின் வொல்டேராவில் செதுக்குவது ஜிப்சம். பார்வைக்கு இரண்டும் ஒளியை உள்ளே விடும், இரண்டும் பளபளக்கும். ஆனால் கல்லின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் ஜிப்சம் 2, கால்சைட் 3. நகத்தின் கடினம் சுமார் 2.5. எனவே ஜாடியைக் கவிழ்த்து, அடியில் வெளியே தெரியாத ஓரத்தில் நகத்தால் அழுத்திக் கீறுங்கள். மாவு போல வெள்ளைக் கோடு விழுந்தால் ஜிப்சம். விழவில்லை என்றால் கால்சைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். மேலே மெழுகு பூசியிருந்தால் நகம் வழுக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் கால்சைட் நுரைக்கும், ஜிப்சம் சும்மா இருக்கும் என்று புத்தகங்களில் இருக்கும். உண்மைதான், ஆனால் சொட்டு விழுந்த இடம் மங்கிப் போகும், அந்தத் தழும்பு போகாது. நகம் போதும்.

“தொட்டால் சில்லென்று இருந்தால் கல், இல்லாவிட்டால் பிளாஸ்டிக்” என்ற விதியை முழுதாக நம்ப வேண்டாம். ஜிப்சம் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். அதனால் பளிங்கு அளவுக்குக் கையில் குளிராது. அதை வைத்து நல்ல வொல்டேரா ஜாடியை ரெசின், அதாவது வார்க்கும் பிளாஸ்டிக், என்று ஒதுக்கியவர்கள் உண்டு. பளிங்குத் தூளும் ரெசினும் கலந்து வார்த்த போலிக்கு வேறு அடையாளங்கள் இருக்கின்றன: அச்சு இரண்டும் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு, லென்ஸில் பார்த்தால் ஊசிமுனைக் காற்றுக் குமிழிகள், தட்டினால் மொட்டையான சத்தம், அடியில் ஒட்டிய ஃபெல்ட் துணி. ஃபெல்ட் இருந்தால் ஓரத்தைக் கொஞ்சம் உரித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். இன்னொன்று, உண்மையான கல்லில் பட்டை வெளியிலிருந்து உள்ளே வரை அப்படியே ஓடும். விளிம்பில் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தால் டார்ச் அடித்து உள்சுவரில் அதன் தொடர்ச்சியைத் தேடுங்கள். சாயம் பூசியது என்றால் தோலோடு நின்றுவிடும்.

மற்ற கற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாக்கல் நகத்துக்கே கீறும், தொட்டால் சோப்பு தடவியது போல வழவழக்கும். பச்சை ஜாடியை ஜேட் என்று விற்றால் பெரும்பாலும் அது செர்ப்பென்டைன் என்ற வேறு பச்சைக் கல். எஃகுக் கத்தி முனைக்குக் கீறல் விழும், உண்மையான ஜேட் வகைகளான நெஃப்ரைட்டுக்கோ ஜேடைட்டுக்கோ விழாது. ஓனிக்ஸ் என்ற பெயரில் வரும் பச்சைப் பட்டை ஜாடிகள் அநேகமாகக் கால்சைட்தான், பாகிஸ்தானிலும் மெக்சிகோவிலும் 20ஆம் நூற்றாண்டில் கடைந்து குவித்தவை. பார்க்க அழகானவை, பழம்பொருள் என்று சொல்ல முடியாது.

சரி, இப்போது உள்பக்கம்.

எகிப்தியக் கைவினைஞர் ஜாடியின் வெளிவடிவத்தை முதலில் செதுக்கி முடித்துவிட்டு அப்புறம்தான் குடைவார். வாயிலிருந்து நேர்கீழே செம்புக் குழாயை இறக்கி, மணலைத் தேய்ப்புப் பொருளாகப் போட்டுச் சுழற்றுவார். குழாயை அழுத்த மேலே பாரமான கற்களைக் கட்டியிருப்பார். நடுவில் நிற்கும் கல் தூணை உடைத்து எடுத்தால் நேரான ஒரு கிணறு கிடைக்கும். ஜாடியின் தோள் வாயைவிட அகலம் அல்லவா, அதைக் குடைய நீளவாட்டான, நடுவில் இடுப்பு ஒடுங்கிய ஒரு கல் துண்டைக் கவட்டைக் கோலில் மாட்டி உள்ளே இறக்கிச் சுற்றுவார்கள். அந்தத் துண்டுகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. எகிப்தின் சக்காராவில், மெரேருகா என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில் இந்த வேலையின் சித்திரமே இருக்கிறது. டெனிஸ் ஸ்டாக்ஸ் என்ற ஆய்வாளர் அதே மாதிரிக் கருவிகளைச் செய்து, செம்பும் மணலும் வைத்துக் கல்லைக் குடைந்தும் காட்டியிருக்கிறார்.

இதனால் உள்சுவரில் என்ன தடம் விழும்? கிடைமட்டமாகச் சுற்றி ஓடும் வரிகள். ஆனால் அவை ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில் இருக்காது. மணல் பருமனாகச் சிக்கிய இடத்தில் ஆழமான கோடு, நொறுங்கிய இடத்தில் மெல்லிய கோடு, துண்டை மாற்றிப் போட்ட இடத்தில் ஒரு படிக்கட்டு. அடிப்பாகத்தில் குழாய் கொஞ்சம் அதிகமாக இறங்கியிருந்தால் வட்டமான ஒரு பள்ள வளையம் மிச்சமிருக்கும். தோளுக்கு அடியில், கை எட்டாத இடத்தில், கரடாகவே விட்டிருப்பார்கள். யாரும் பார்க்கப் போவதில்லையே. இதற்கு நேர்மாறாக மின்சார லேத்தில் கடைந்த ஜாடியில், திருகாணிப் புரி போலச் சீரான வரி வாயிலிருந்து அடிவரை ஒரே இடைவெளியில் இறங்கும். அடிமையத்தில் கருவி முனை நின்ற இடத்தில் சின்னக் குமிழோ குழியோ இருக்கும். வைர முனை ட்ரில் போட்ட ஜாடியின் வயிற்றுக்குள் வெறும் நேர்க்குழாய்தான் இருக்கும். வெளியே பானை வயிறு, உள்ளே உருளை. சுவர் அங்கே தடிமனாகி ஜாடி கையில் எதிர்பார்த்ததைவிடக் கனக்கும். ஒரு கம்பியை வளைத்து உள்ளே விட்டுச் சுவரைத் தடவினாலே இது தெரிந்துவிடும்.

உங்கள் ஜாடியின் காதுகளில் துளை இருக்கிறது என்கிறீர்கள். அந்தத் துளையை லென்ஸில் பாருங்கள். பழைய வேலையில் இரண்டு பக்கத்திலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்கவிடுவார்கள். அதனால் துளை இரு வாயிலும் அகன்று இடுப்பில் குறுகும். பல சமயம் இரண்டு பாதியும் லேசாக விலகியே சந்திக்கும். ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வரை ஒரே அகலத்தில், கூரான ஓரத்தோடு போகும் துளை நவீன ட்ரில்லின் வேலை. கயிறு கட்டித் தொங்கவிட்ட ஜாடி என்றால் துளையின் மேல் ஓரம் மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கும். நாலு புறமும் ஒரே மாதிரி மழுங்கியிருந்தால் யாரோ அரம் போட்டிருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. கையால் செய்தது என்பது மட்டுமே பழமைக்குச் சாட்சி ஆகாது. லக்சரின் மேற்குக் கரைப் பட்டறைகளில் இன்றும் கையால் அலபாஸ்டர் குடைகிறார்கள், நன்றாகவே குடைகிறார்கள். அங்கே செய்த ஒன்றை மண்ணில் புரட்டினால் உள்வரிகள் ஒழுங்கற்றும் இருக்கும், சுவர் மெல்லியதாகவும் இருக்கும். ஆக லேத் தடம் இருந்தால் பண்டைய எகிப்து என்ற பேச்சு முடிந்தது. இல்லை என்றால் விசாரணை ஆரம்பிக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கருவித்தடப் பரிசோதனையைப் பெரிய அருங்காட்சியகங்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் செய்கின்றன. சிலிக்கோனில் தடத்தை அச்சு எடுத்துப் பார்ப்பார்கள். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு 1992இல் வந்து சேர்ந்த, குவார்ட்ஸ் படிகத்தில் செதுக்கிய மண்டை ஓடு மெக்சிகோவின் அஸ்டெக் காலத்தது என்று சொல்லப்பட்டது. ஆராய்ந்தபோது அதில் சிலிக்கான் கார்பைடு துகள் ஒட்டியிருந்தது. அந்தத் தேய்ப்புப் பொருள் 1890களில்தான் சந்தைக்கு வந்தது. கதை அங்கேயே முடிந்தது. நம் வீட்டு லென்ஸுக்கு அவ்வளவு எட்டாது; ஆனாலும் பத்து மடங்கு லென்ஸும் சாய்த்து அடிக்கும் டார்ச்சும் இருந்தால் முக்கால்வாசிப் போலிகளைக் கழித்துவிடலாம்.

இணையத்தில் எகிப்திய ஜாடிகளை லேசரால் அளந்து, “இவ்வளவு துல்லியம் மனிதக் கையால் முடியாது, தொலைந்துபோன இயந்திரம் இருந்திருக்க வேண்டும்” என்று ஓடும் காணொளிகளையும் பார்த்திருப்பீர்கள். அப்படி அளக்கப்பட்டவற்றில் பல தனியார் கையில் இருப்பவை, எங்கே தோண்டி எடுத்தது என்ற பதிவு இல்லாதவை. துல்லியம் கண்ணைப் பறிக்கும்போது முதலில் எழ வேண்டிய சந்தேகம், இது எந்த நூற்றாண்டு இயந்திரம் என்பதுதான்.

அடுத்து தேய்மானம். நூறு வருஷம் மேசையில் இருந்த ஜாடியின் அடியில் தரையைத் தொடும் வளையம் மட்டும் தேய்ந்திருக்கும், கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும், உள்வாங்கிய நடுப்பகுதி பழையபடியே இருக்கும். உப்புத்தாள் போட்டால் கீறல்கள் ஒரே திசையில், நடுப்பள்ளத்திலும் சேர்ந்து விழும். புதைந்து கிடந்த கால்சைட்டில் பளபளப்பு திட்டுத்திட்டாகப் போயிருக்கும். வேர்கள் ஒட்டி அரித்த கிளைக்கோடுகள் சில சமயம் தெரியும், சுண்ணப் படிவு பாறையாக இறுகியிருக்கும். போலிப் படிவு பசையில் குழைத்த மண். ஓரத்தில் அசிட்டோன் தொட்ட பஞ்சை ஒற்றினால் கரைந்து பழுப்பாக வரும். படிவு எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள்: விளிம்பில் உடைந்த மூக்கு பழைய உடைப்பு என்றால் அந்த உடைந்த முகத்திலும் படிவு ஏறியிருக்க வேண்டும். உடல் முழுக்க மண், உடைப்பு மட்டும் சர்க்கரைக்கட்டி போல வெள்ளை என்றால், உடைத்ததும் பூசியதும் அண்மையில்தான்.

புற ஊதா டார்ச் வாங்குவது வீண் செலவில்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் ஜேம்ஸ் ரோரிமர் 1931லேயே இதைப் பற்றித் தனி நூல் எழுதினார். இருட்டறையில் பழைய பளிங்குப் பரப்பு மஞ்சள் கலந்து திட்டுத்திட்டாக ஒளிரும், புதிதாக வெட்டிய பரப்பு ஊதாவாகத் தெரியும். ஒட்டுப்பசையும் ரெசின் நிரப்பலும் பெரும்பாலும் பளிச்சென்ற நீலவெள்ளையில் காட்டிக்கொடுக்கும். அமிலக் குளியல் கொடுத்தோ மெழுகு பூசியோ இதை ஏமாற்றப் பார்ப்பார்கள். அதனால் தீர்ப்பை இதில் மட்டும் வைக்க வேண்டாம். ஒட்டு வேலை எங்கே நடந்தது என்று காட்டும் வரைபடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வடிவத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம். “மூவாயிரம் வருஷம்” என்பது விற்பவரின் வட்டத் தொகை. எகிப்தில் கல் ஜாடி உச்சத்தில் இருந்தது அதற்கும் வெகு முன்னால், அரச வம்சங்களுக்கு முந்திய காலத்திலும் முதல் சில வம்சங்களிலும். மூன்றாம் வம்ச அரசர் ஜோசரின் படிப் பிரமிடுக்கு அடியிலுள்ள சுரங்க அறைகளில் சுமார் 40,000 கல் பாத்திரங்கள் குவிந்து கிடந்ததை 1930களில் கண்டெடுத்தார்கள். பலவற்றில் முதல் இரண்டு வம்ச அரசர்களின் பெயர்கள் இருந்தன. தட்டையான அகன்ற விளிம்போடு வரும் கண்மைச் சிமிழ், எகிப்திய வரலாற்றில் மத்திய அரசு எனப்படும், கி.மு. 2000ஐ ஒட்டிய காலத்து வடிவம். நீண்ட உடலும் சின்னக் காதும் கொண்ட அலபாஸ்ட்ரான் எனும் தைலக் குடுவை அதற்கும் பிந்தியது, கிரேக்கர்கள் மண்ணில் நகல் எடுத்தது. உண்மை தெரிந்தவர் “இந்த வடிவம், இந்தக் காலம்” என்று சொல்வார். ஆயிரங்களில் பேசுபவருக்குப் பொருள் தெரியாது, அல்லது தெரிந்தே பேசுகிறார்.

சேர்ப்பதைப் பற்றி என் கருத்து இது: பண்டைய ஜாடியில் ஆரம்பிக்காதீர்கள். 18, 19ஆம் நூற்றாண்டு வேலைகளில் ஆரம்பியுங்கள். கருவித்தடம் தெளிவாகப் படிக்க வரும், பட்டறைகளைப் பற்றிய தகவல் இருக்கும், சட்டச் சிக்கல் குறைவு. பொருளும் சாதாரணமானதில்லை. இங்கிலாந்தின் டெர்பிஷயரில், காசில்டன் கிராமத்துக்கு மேலேயுள்ள ஒரே குன்றில் கிடைக்கும் ப்ளூ ஜான் என்ற ஊதா, மஞ்சள் பட்டை ஓடும் ஃப்ளூரைட் கனிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பர்மிங்ஹாம் தொழிலதிபர் மாத்யூ போல்ட்டன் 1760களின் கடைசியிலிருந்து அதில் ஜாடி செய்து, தங்கமுலாம் வெண்கலப் பூண் போட்டு விற்றார். கல் படிகம் படிகமாகப் பிளக்கும் என்பதால் பைன் பிசினை ஊறவிட்டுத்தான் லேத்தில் ஏற்றினார்கள். லென்ஸில் விரிசல்களுக்குள் மஞ்சளாக மங்கிய அந்தப் பிசின் தெரிந்தால் நல்ல அறிகுறி. கண்ணாடி போலத் தெளிந்த நிரப்பல் என்றால் நவீன எபாக்ஸிப் பசை. சீன ஃப்ளூரைட்டும் அந்தப் பெயரில் வருகிறது.

மலக்கைட் என்ற பச்சைக் கல்லில் செய்த ரஷ்ய ஜாடியில் தலைகீழாக யோசிக்க வேண்டும். யூரல் மலையின் மலக்கைட்டை முழுக்கட்டியாகக் குடைந்ததாக நினைத்து, ஒட்டுக்கோடு கண்டதும் போலி என்று பலர் வைத்துவிடுகிறார்கள். உண்மையில் பெரிய ஜாடிகள் எல்லாமே மலிவான கல் அல்லது உலோக உடலின்மேல் சில மில்லிமீட்டர் தடிமனில் மலக்கைட் சீவல்களை ஒட்டியவைதான், வட்டங்கள் ஒன்றோடொன்று ஓடிச் சேருமாறு. சந்துகளில் மலக்கைட் தூள் கலந்த மெழுகைத் திணித்திருப்பார்கள். ஆக இங்கே ஒட்டு தெரிவதுதான் நல்லது. ஒட்டே இல்லாமல், கறுப்பும் பச்சையும் ஒரே அகலத்தில் அடுக்கடுக்காக ஓடினால் அது ரெசினில் பிசைந்த தூள்.

சீன மாக்கல் ஜாடிகளில் குரங்கும் பூங்கொத்தும் செதுக்கியவை ஏராளம். அடியில் ஆங்கிலத்தில் சைனா என்று இருந்தால் 1891க்குப் பிந்தியது என்று கொள்ளலாம். 1890ஆம் ஆண்டின் அமெரிக்க மெக்கின்லி சுங்கச் சட்டம்தான் அங்கே இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது. பெயர் இல்லை என்பதால் பழையது என்று ஆகாது; வேறு நாட்டுக்குப் போன சரக்கிலும் சீட்டு உதிர்ந்த சரக்கிலும் பெயர் இருக்காது. வொல்டேராவின் நகல்களும் வாங்கத் தகுந்தவை. ரோமப் பேரரசர் ஹாட்ரியனின் மாளிகை இடிபாட்டில் துண்டுகளாகக் கிடைத்து, ஏகப்பட்ட புதுக்கல் சேர்த்து ஒட்டவைக்கப்பட்ட வார்விக் ஜாடி என்ற பண்டைய ரோமப் பளிங்கு ஜாடியைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டில் எல்லா அளவிலும் நகல் எடுத்தார்கள். இவ்வகைப் பெரிய ஜாடிகள் உடல், தண்டு, பீடம் என்று தனித்தனியாகக் கடைந்து உள்ளே கம்பி போட்டுக் கோத்தவை. இரும்புக் கம்பி துருப்பிடித்து ஊதினால் கல் வெடிக்கும். பீடத்தைச் சுற்றிப் பழுப்புக் கசிவு இருக்கிறதா பாருங்கள். அடியில் வயர் போன துளை இருந்தால் இடையில் ஒரு காலத்தில் மேசை விளக்காக இருந்திருக்கிறது. மதிப்பு குறையும், ஆனால் அழகு குறையாது. பேரம் பேச நல்ல பிடி.

பண்டைய பொருளுக்கே போவதென்றால் காகிதம் இல்லாமல் தொடாதீர்கள். தொல்பொருள் கடத்தலைத் தடுக்க வந்த 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கைக்கு முன்பே அந்தப் பொருள் பிறந்த நாட்டைவிட்டு வெளியே வந்துவிட்டது என்பதற்குப் பழைய ஏலப் பட்டியல், புகைப்படம், கடிதம் ஏதாவது வேண்டும். எகிப்து 1983இல் 117ஆம் எண் சட்டத்தால் தொல்பொருள் வணிகத்தையே நிறுத்திவிட்டது. ஈரானின் ஜிரோஃப்ட் பகுதியில் 2001 வாக்கில் கல்லறைகளைச் சூறையாடி, பாம்பும் தேளும் செதுக்கிய, குளோரைட் என்ற கரும்பச்சைக் கல் ஜாடிகளை வெளிநாடுகளுக்குக் கடத்தினார்கள். பின்னாலேயே போலிகளும் வந்தன. எது எங்கே கிடைத்தது என்ற பதிவு இல்லாததால் சிலவற்றைப் பற்றி அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். “பழைய ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு” என்ற ஒற்றை வரி காகிதம் ஆகாது. யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று கேளுங்கள்.

பராமரிப்பு எளிது. எந்தப் பழைய கல் ஜாடியிலும் தண்ணீர் ஊற்றிப் பூ வைக்காதீர்கள். ஜிப்சம் தண்ணீரில் கரையும், லிட்டருக்கு 2 கிராமுக்குமேல். கால்சைட்டுக்கு எலுமிச்சையும் வினிகரும் எதிரி. எண்ணெய் தடவினால் மஞ்சளாகும். மென்மையான பிரஷ் போதும். தூக்கும்போது காதையோ விளிம்பையோ பிடிக்காமல் ஒரு கையை அடியில் கொடுங்கள்.

உங்கள் ஜாடிக்கு வருவோம். நகத்தால் கீறல் விழுந்தால் அது ஜிப்சம். எகிப்திலும் ஜிப்சத்தில் செய்தது உண்டுதான், ஆனால் இந்தப் பட்டையும் வடிவமும் அதில் வந்தால் நான் வொல்டேரா பக்கமோ சுற்றுலாக் கடை பக்கமோதான் பார்ப்பேன். கீறல் விழவில்லை என்றால் காதுத் துளையைப் பாருங்கள், பிறகு உள்சுவர். துளை நேராகவும் வரி சீராகவும் இருந்தால் வீட்டு அலமாரிக்கு அழகான பொருள், அத்தோடு சரி. துளை இரு பக்கமும் அகன்று, வரி ஒழுங்கில்லாமல் இருந்தால் கழுவாதீர்கள், ஒட்டாதீர்கள். விற்றவரிடம் அது எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் வாங்குங்கள். அடி, உள்பக்கம், துளை, விளிம்பு நான்கையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து, எகிப்தியப் பிரிவு உள்ள அருங்காட்சியகம் ஒன்றின் காப்பாட்சியருக்கு அனுப்பிப் பாருங்கள். பல இடங்களில் பொருள் என்ன என்று கருத்துச் சொல்வார்கள். விலை மட்டும் சொல்ல மாட்டார்கள்.